சிங்கப்பூரில் சொந்தத் தொழில் செய்பவரும் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரும் வருமான வரித் தாக்கல் செய்ய வேண்டுமா?

இரண்டு பேருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவி நிரந்தரவாசி, வீட்டில் துணைப்பாட வகுப்பு எடுக்கிறார். உங்கள் தம்பி போன அக்டோபரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவர், இந்த ஆகஸ்டில் ஊர் திரும்புகிறார். இங்கே சிறு தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனைவி. "வரியே வராது, எதற்குத் தாக்கல்?" என்று பலரும் கேட்கிறார்கள். தாக்கல் வேறு, வரி கட்டுவது வேறு. சொந்தத் தொழிலில் செலவு போக நிற்கும் லாபம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். வரி கணக்கிடும் வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. அவருக்கு 13,000 வெள்ளி லாபம் என்றால் வரி பூஜ்யம்தான், ஆனாலும் தாக்கல் உண்டு. அப்புறம், அதே 6,000 வெள்ளியைத் தாண்டியவர் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலும் பணம் போட வேண்டும். தொகை வயதையும் லாபத்தையும் பொறுத்தது. தாக்கல் செய்யாமல் விட்டவர்களுக்கு இந்த மெடிசேவ் பாக்கி சேர்ந்துகொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் முதலாளியே சிங்கப்பூர் வரி ஆணையமான ஐராஸுக்கு விவரம் அனுப்பிவிடுவார். வீட்டில் வகுப்பு எடுப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. மாதாமாதம் வந்த கட்டணத்தை அவரே எழுதி வைக்க வேண்டும், பேநவ்வில் வந்தாலும் ரொக்கமாக வந்தாலும். பாடப் புத்தகம், நகல் எடுத்த செலவு, மாணவர் வீட்டுக்குப் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ போன செலவு இவற்றைக் கழிக்கலாம். சொந்தக் காரின் பெட்ரோலையும் பார்க்கிங்கையும் கழிக்க முடியாது, வகுப்புக்காகவே ஓட்டியிருந்தாலும் சரி. ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். போன ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கை இந்த ஆண்டு மார்ச் 1 முதல் ஏப்ரல் 18க்குள் ஐராஸ் இணையதளத்தில் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கு வழியாக உள்ளே போய்ப் பதிய வேண்டும். தவறினால் ஐராஸ் தானாகவே ஒரு தொகையை மதிப்பிட்டு வரி போடும், தாமதக் கட்டணமும் வரும்.

இனி உங்கள் தம்பி. வெளிநாட்டவருக்கு எல்லாமே நாள் கணக்கு. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் இங்கே இருந்தால் வரிக் கணக்கில் அவர் இங்கே வசிப்பவர், குடிமக்களுக்கு உள்ள அதே படிநிலை விகிதம், அதாவது வருமானம் கூடக் கூட உயரும் விகிதம். அக்டோபரில் வந்தவருக்கு முதல் ஆண்டில் அத்தனை நாள் வராதே என்று பயப்பட வேண்டாம். வேலை இடைவெளியின்றித் தொடர்ந்து, இரண்டு ஆண்டும் சேர்த்து 183 நாளைத் தொட்டால் இரண்டுக்குமே வசிப்பவராக எடுத்துக்கொள்வார்கள். இது அமையாதவர்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் அல்லது படிநிலை விகிதம், எது அதிகமோ அது. தனிநபர் கழிவுகளும் கிடையாது.

வார இறுதியில் தம்பி வெப்சைட் செய்து கொடுத்துச் சம்பாதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வரி கட்டிவிட்டால் சரியாகிவிடும் விஷயமில்லை இது. அவருடைய பாஸ் அந்த ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கத்தான். மனிதவள அமைச்சு பாஸையே ரத்து செய்யலாம்.

அவர் அதிகம் கவனிக்க வேண்டியது கிளம்பும் நேரத்தை. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது, குறைந்தது ஒரு மாதம் முன்பே முதலாளி, வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தை ஐராஸுக்கு அனுப்ப வேண்டும். ராஜினாமா தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தர வேண்டிய சம்பளம், போனஸ், விடுப்புப் பணம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஐராஸ் வரியைக் கணக்கிட்டு எடுத்த பிறகு மீதி கைக்கு வரும். இது தெரியாமல் கடைசி மாதச் சம்பளத்தை நம்பி விமான டிக்கெட், வாடகை என்று திட்டம் போட்டுத் தவிப்பவர்கள் நிறைய. ஒரு மாதச் செலவுக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிறுத்திய தொகை வரிக்குப் போதாவிட்டால் மிச்சத்தை அவரே கட்ட வேண்டும்.

இந்தியப் பக்கமும் ஒன்று உண்டு. ஆகஸ்டில் ஊருக்குப் போனால், மார்ச் 31க்குள் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்துவிடுவார். அந்த நிதியாண்டுக்கு அங்கே வசிப்பவர் ஆகிவிடுவதால், ஏப்ரலிலிருந்து இங்கே வாங்கிய சம்பளத்தை அங்கேயும் காட்ட வேண்டும். இரு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், இங்கே கட்டிய வரியைச் சொல்லி அங்கே கழிவு கேட்கலாம். அதற்கு ஆதாரம் ஐராஸின் வரி மதிப்பீட்டு அறிவிப்பு. சென்னை போய்த் தேடிக்கொள்ளலாம் என்று விடாமல், கைக்குக் கிடைத்ததுமே அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.