அந்த மனையில் யார் இருக்கப் போகிறார்கள்?

கேள்வி: எட்டு வருடமாகக் குவைத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மனைவியும் பிள்ளைகளும் (பையன் ஆறாவது, பெண் ஒன்றாவது) ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சின்ன வீடு, எந்நேரமும் வண்டிச் சத்தம், ஓடி விளையாட இடமில்லை. ராமேஸ்வரம் ரோட்டில், டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், புதிதாகப் போட்டிருக்கும் ஒரு நகரில் ஐந்து சென்ட் பார்த்து வைத்திருக்கிறேன். காற்றோட்டமாக வீடு கட்டலாம். மனைவிதான் 'நான் அங்கே வரமாட்டேன்' என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பிள்ளைகளை வளர்க்க வெளியிடம்தானே நல்லது? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், குவைத்

பதில்: புரியவைக்க வேண்டியது அவருக்கு இல்லை, உங்களுக்கு. கோபப்படாமல் படியுங்கள்.

நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மாதத்தில் நீங்கள் அந்த வீட்டில் இருக்கப் போவது இரண்டு மாதம். மீதி இருபத்திரண்டு மாதம் அவரும் இரண்டு பிள்ளைகளும்தான். 'வரமாட்டேன்' என்ற ஒரு சொல்லை எழுதினீர்களே, ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா?

'டவுனை விட வெளியிடம் நல்லது' என்பது சென்னையிலிருந்து வந்த பேச்சு. அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. தி.நகரில் வாடகை கொடுத்து மாளாதவர் கூடுவாஞ்சேரிக்குப் போனால் வாடகை குறைகிறது, ஸ்டேஷனுக்கு நடந்துவந்தால் மின்சார ரயில் இருக்கிறது, நாலு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் எதைவிட்டு ஓடப் போகிறீர்கள்? அரண்மனையிலிருந்து கேணிக்கரைக்கு நடந்தே வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு, பள்ளி, சந்தை, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் ஓர் ஆட்டோ தூரத்துக்குள். ஆறாவது படிக்கும் உங்கள் பையன் இன்று கடைக்குத் தனியாகப் போய் நோட்டு வாங்கி வருவான். நீங்கள் பார்த்திருக்கும் மனையில் ஒரு பென்சிலுக்குக்கூட அவன் யாராவது வண்டி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓடி விளையாட இடம் வேண்டும் என்கிறீர்கள், சரி. கூட விளையாட நாலு பிள்ளைகள் வேண்டாமா? கல் மட்டும் ஊன்றியிருக்கும் இடத்தில், சுற்றிலும் சீமைக்கருவேலம் நிற்கும் இடத்தில், யாரோடு விளையாடுவான்?

அப்துல் கலாம் ராமேஸ்வரத்தை விட்டு இங்கே வந்து ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். தீவுப் பிள்ளைகள் அன்று வீட்டைப் பிரிந்து வந்து சேர்ந்த டவுன் இது. உங்கள் பிள்ளைகள் அதற்குள்ளேயே பிறந்து வளர்கிறார்கள்.

இதை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் அப்பா கப்பல் வேலையில் இருந்தவர். எனக்கு ஒன்பது வயதில் உச்சிப்புளிப் பக்கம், ஊரிலிருந்து தள்ளி, ஒரு வீடு கட்டி எங்களைக் குடிவைத்துவிட்டுக் கப்பலேறினார். நல்ல வீடுதான். திண்ணை, கிணறு, பின்னால் பத்துத் தென்னை. ஒரு கார்த்திகை மாத இரவில் தங்கைக்கு இழுப்பு வந்தது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றார். மழை. இரண்டு பஸ் நிற்காமல் போனது. கடைசியில் மீன் வண்டி ஒன்று நின்றது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். தங்கை பிழைத்தாள். அந்த வாரமே அம்மா டவுனில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் அப்பாவுக்குக் கடிதம் போட்டார். அப்பா அடுத்த லீவு முழுக்க அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போனது அவருக்கு அவமானமாக இருந்தது. அம்மாவுக்கு அந்த ஒற்றை அறைதான் தூக்கம் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருமுகிற சத்தம் கேட்டால் போதும் என்பார். உங்கள் மனைவி சொல்லும் 'வரமாட்டேன்' எனக்கு அம்மாவின் குரலில்தான் கேட்கிறது.

இன்று செல்போன் இருக்கிறது, 108 இருக்கிறது. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவிட்டார்கள். ஆனால் அதுவும் டவுனில்தான்.

இனி தண்ணீர். நம் கடற்கரையில் மனை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மணல் மேட்டில் நல்ல தண்ணீர் மேலாக நிற்கும், அடியில் உப்பு. அதனால்தான் அந்தக் காலத்தில் ஆழமாகத் தோண்டாமல் ஊற்றுப் பறித்து அள்ளிக் குடித்தார்கள். புது நகரில் ஆளுக்கொரு போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் சில வருடத்தில் உப்பு மேலே ஏறிவிடும். அப்புறம் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் அந்தத் தெருவரை வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரவில்லையென்றால் லாரித் தண்ணீர், அல்லது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு உங்கள் மனைவிதான் தள்ள வேண்டும். மனை காட்டிய புரோக்கர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாரா? பாட்டில் தண்ணீர் கொடுத்திருந்தால் அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

பஸ்ஸையும் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் சந்தைக்கும் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். ராமேஸ்வரம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை என்பீர்கள். ஓடுவதில் பாதி வெளியூர் பஸ். அதில் இந்தச் சலுகையும் கிடையாது, புது நகரின் நுழைவு வளைவு பார்த்து அது நிற்கவும் நிற்காது. உங்கள் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்றும் நீங்கள் எழுதவில்லை.

இடம் முன்பு என்னவாக இருந்தது என்று விசாரித்தீர்களா? நம் மாவட்டமே கண்மாய்களை நம்பிய மாவட்டம். கண்மாய் உள்வாயிலும் (தண்ணீர் தேங்கும் பகுதி) வாய்க்கால் ஓரத்திலும் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனையாக விற்றால், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளில் அந்த மனையில் முழங்கால் தண்ணீரா, இடுப்பளவா என்று பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கோடையில் மனையைப் பார்த்திருந்தால் உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

வெளியிடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டினம்காத்தானும் ஒரு காலத்தில் வெளியிடம்தான். கலெக்டர் ஆபீஸும் கடைகளும் பள்ளிகளும் பஸ்ஸும் சேர்ந்து இன்று அது டவுனாகிவிட்டது. அங்கே ஐந்து சென்ட் கிடைக்காது, விலையும் கடிக்கும். இரண்டரை சென்ட் போதும். ஐந்து சென்ட் தனிமையை விட அது உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது. இல்லை, தேவிபட்டினத்திலோ பெருங்குளத்திலோ உங்களுக்கு அம்மா, அக்கா, மாமியார் என்று சொந்தம் இருந்தால் அந்த ஊருக்குள்ளேயே ஒரு வீடு பாருங்கள். அவை பழைய ஊர்கள். விளக்கு வைத்த பிறகு தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், பிள்ளை எங்கே போகிறான் என்று நாலு பேர் பார்ப்பார்கள். புது நகர் அப்படி ஆவதற்கு இருபது வருடம் ஆகும். அதற்குள் உங்கள் பையன் வேலைக்கே போய்விடுவான்.

இவ்வளவுக்கும் பிறகு முதலீடாக மட்டும் அந்த மனையை வாங்கிப் போடுகிறேன் என்றால் அது வேறு பேச்சு. அப்போதும் நகர் ஊரமைப்பு அனுமதியைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக இருந்தாலும், கிராம அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைக் கணக்கு) நிலத்தின் வகை என்ன என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடல் தெரிகிற மனை என்றால் இன்னும் கவனம். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறி வரும் உச்ச எல்லை) 500 மீட்டர்வரை கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்குள் வரும். நினைத்தபடி கட்ட முடியாது.

பதிவை உங்கள் மனைவி பெயரில் செய்யுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. நான் அந்தப் பணத்துக்காகச் சொல்லவில்லை. பத்திரம் அவர் பெயரில் இருந்தால் எப்போது கட்டுவது, கட்டுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

அதுவரை கேணிக்கரையிலேயே இதைவிடப் பெரிய வாடகை வீடு ஒன்று, மொட்டை மாடியோடு, வண்டி போகாத உள் தெருவில் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் இரண்டாயிரம் கூடப் போகட்டும். இந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவாக இருக்கும். பிள்ளைகள் தூங்கியபிறகு போன் போட்டு, 'நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய், ஏன்?' என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் பேசாதீர்கள்.