ஒரே கணினியில் இரண்டு வேலைக்கு இரண்டு விதப் பதிப்புகள்: மோதாமல் வைத்துக்கொள்வது எப்படி?

உபுண்டு ஓடும் ஒரே மடிக்கணினியில் அலுவலக வேலைக்கு ஒரு பைத்தான், படிப்புக்கு இன்னொன்று; ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது படுத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் குனு கீக்ஸ், அதாவது மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் ஒரு கருவி. உபுண்டுவை அழிக்க வேண்டாம், அதன் மேலேயே போடலாம். நிறுவும்போது மட்டும் நிர்வாகி கடவுச்சொல் தேவை. அப்புறம் ஒவ்வொரு பயனரும் தனக்கு வேண்டியதைத் தன் கணக்கிலேயே போட்டுக்கொள்ளலாம்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். வார இறுதியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோவில் மண்டபத்தில் கணினி வகுப்பு நடத்துகிறோம். பழைய கணினிகள்தான், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துவார்கள். ஒருத்திக்கு ஜாவா, இன்னொருவனுக்குப் பைத்தான். "சார், போன வாரம் ஓடுச்சே" என்ற பேச்சு எங்கள் வகுப்பில் இப்போது இல்லை.

காரணம் எளிது. கீக்ஸ் ஒவ்வொரு பொதியையும் (நிறுவும் மென்பொருளையும்) 'ஸ்டோர்' என்ற இடத்தில் தனித்தனிக் கோப்புறையில் வைக்கிறது. மூலநிரல், கம்பைலர், சார்ந்திருக்கும் நூலகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு ஹாஷ் (கைரேகை போன்ற எழுத்துக் கோவை) அந்தக் கோப்புறையின் பெயரில் இருக்கும். அதில் எது மாறினாலும் பெயரும் மாறிவிடும், அதனால் பழையதன் மேல் புதியது ஏறாது. நீங்கள் பயன்படுத்தும் பொதிகளின் தொகுதிக்குப் பெயர் ப்ரொஃபைல்; அது ஸ்டோரைச் சுட்டும் சிம்லிங்குகளின் (குறுக்குவழி இணைப்புகளின்) தொகுப்பு, அவ்வளவுதான். ஒரே பொதியை நான்கு ப்ரொஃபைல் கேட்டாலும் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள்: எல்லாவற்றையும் இயல்பு ப்ரொஃபைலிலேயே (வேறு எதுவும் சொல்லாவிட்டால் பொதிகள் போய்ச் சேரும் ப்ரொஃபைல்) கொட்டிவிடுகிறார்கள். ஒரே ப்ரொஃபைலுக்குள் ஒரு நூலகத்தின் இரண்டு பதிப்புகள் வந்து முட்டினால் கீக்ஸ் நிறுவ மறுத்துவிடும். இயல்பு ப்ரொஃபைலில் எடிட்டர், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போன்ற அன்றாடச் சாமான்கள் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் தேவையான பொதிகளை ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதி, அதிலிருந்து தனிப் ப்ரொஃபைல் உண்டாக்குங்கள். வேலை தொடங்கும்போது அதன் 'எட்சி' கோப்புறையில் உள்ள ப்ரொஃபைல் கோப்பைச் 'சோர்ஸ்' செய்தால் (அதன் அமைப்புகளை அந்த டெர்மினலில் ஏற்றினால்) போதும். ஒரே டெர்மினலில் இரண்டைச் சோர்ஸ் செய்யாதீர்கள், பாதைகள் கலந்துவிடும். புது டெர்மினல் திறப்பது நல்லது. புதுப்பித்தபின் ஏதாவது கெட்டால் 'ரோல்-பேக்' கொடுங்கள், முந்தைய தலைமுறை (மாற்றத்துக்கு முன் இருந்த ப்ரொஃபைல் நிலை) அப்படியே திரும்பிவிடும்.

சும்மா முயன்று பார்க்க 'கீக்ஸ் ஷெல்' என்ற தற்காலிகச் சூழல் போதும். வெளியே வந்தால் உங்கள் ப்ரொஃபைலில் ஒரு தடயமும் இருக்காது. 'ப்யூர்' சேர்த்தால் உபுண்டுவின் பைத்தான் உள்ளே எட்டிப் பார்க்காது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கீக்ஸ் ஒரு சமயத்தில் எல்லாப் பழைய பதிப்புகளையும் வைத்திருப்பதில்லை. மேனிஃபெஸ்ட்டோடு சேனல்ஸ் கோப்பையும் (பொதித் தொகுப்பின் எந்த நிலையைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற குறிப்பு; 'கீக்ஸ் டிஸ்க்ரைப்' எழுதித் தரும்) சேமித்து வையுங்கள். பின்னாளில் 'டைம்-மெஷின்' அந்தக் கோப்பைப் பார்த்து அன்றைய பதிப்புகளையே எடுத்துத் தரும்.

எங்கள் மண்டபத்தில் இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான், அதனால் இந்தக் கோப்பு எங்களுக்கு உயிர். ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் இறக்கிவிடுவேன். மண்டபத்தில் அதில் 'கீக்ஸ் பப்ளிஷ்' (தன் ஸ்டோரைப் பிற கணினிகளுக்குப் பகிரும் கட்டளை) ஓட்டினால் மற்றவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதன் பொதுச்சாவியை மற்ற கணினிகளில் ஒருமுறை அனுமதித்து, அதன் முகவரியையும் கொடுத்துவிட வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே சேனல்ஸ் கோப்பில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் ஹாஷ் பொருந்தாமல் மறுபடி இணையத்துக்குப் போகும், டேட்டா கரையும்.

வட்டு நிறைந்தால் முதலில் பழைய தலைமுறைகளை நீக்கிவிட்டுப் பிறகு 'கீக்ஸ் ஜிசி' (பயன்படாத பொதிகளைத் துடைக்கும் கட்டளை) ஓட்டுங்கள். தலைமுறை இருக்கும்வரை அதன் பொதிகளை அது தொடாது.

உங்களுக்கு: அலுவலக வேலையை முதலில் மேனிஃபெஸ்ட்டாக எழுதித் தனிப் ப்ரொஃபைலில் வையுங்கள். படிப்புக்கு இப்போதைக்குக் கீக்ஸ் ஷெல்லே போதும்.