ஆற்றங்கரையில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சுற்றுலா: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது

வாசகர் கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். அங்கே ஒரு நகரத்தில், ஆற்றங்கரை ஓரமாக, வழிகாட்டியோடு இரண்டு மணி நேர எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சுற்றுலா இருப்பதாக ஒரு முன்பதிவுத் தளத்தில் பார்த்தேன். "லைசென்ஸ் தேவையில்லை, எல்லா வயதினருக்கும் ஏற்றது, இன்சூரன்ஸ் உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். என் கணவர் இருபது வருடமாக பைக் ஓட்டுகிறார். நான் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. மகனுக்கு 13 வயது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். நம்பிக் கட்டலாமா?

பதில்: இன்று கட்டாதீர்கள். சுற்றுலா மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல வழிகாட்டி அமைந்தால் ஒரு நகரத்தின் ஆற்றங்கரையைப் பார்க்க இதைவிட இதமான வழி குறைவு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த மூன்று வாக்கியங்களும், லைசென்ஸ், வயது, இன்சூரன்ஸ், மூன்றுமே ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தவை, அதை அந்த விளம்பரம் சொல்லவே இல்லை. எந்த வண்டி?

நமக்கு ஸ்கூட்டர் என்றால் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது. அங்கே அந்த வார்த்தைக்குள் குறைந்தது மூன்று வண்டிகள் இருக்கின்றன. நின்றுகொண்டே ஓட்டும் ஒல்லியான வண்டி ஒன்று, சின்னச் சக்கரம், நீளக் கம்பியின் மேலே ஹேண்டில்பார். உட்கார்ந்து ஓட்டும் மொபெட் மாதிரியான வண்டி இன்னொன்று. மூன்றாவது, பக்கவாட்டில் இரண்டு சக்கரம் வைத்து, நாம் முன்னே சாய்ந்தால் தானே ஓடும் செக்வே. 2001-ல் வந்தது, 2020-ல் அதன் மூல மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் சுற்றுலா நடத்துகிறவர்கள் பலர் பழைய வண்டிகளை வைத்து இன்னும் ஓட்டுகிறார்கள். மூன்றையும் சட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. நின்று ஓட்டுவதற்குப் பல நாடுகளில் லைசென்ஸ் வேண்டாம், உட்கார்ந்து ஓட்டுவதற்குப் பெரும்பாலும் வேண்டும். விளம்பரப் படத்தில் ஒரு வண்டி, போய் நின்றால் வேறு வண்டி என்று ஆனதை நான் குழுக்களை அழைத்துப்போன வருடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் வண்டிதான் என்றால் உங்கள் கணவரின் லைசென்ஸில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா, சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார் லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதும் என்று கவுன்டரில் சொல்வார்கள், சில நாடுகளில் போலீஸ் அப்படிச் சொல்லாது. லைசென்ஸே இல்லை என்றால் நீங்கள் அதை ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

படத்தில் இருப்பது நின்று ஓட்டுவதுதான் என்று வைத்துக்கொண்டே மற்றதைச் சொல்கிறேன்.

மகன் விஷயம். எந்த நாடு, எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் உறுதியாக ஆம், இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் 13 வயது என்றதும் எனக்கு முதலில் தோன்றிய பதில் "முடியாது" என்பதுதான். ஜெர்மனியில் 2019-ல் சட்டம் வந்ததிலிருந்தே குறைந்தபட்ச வயது 14. பிரான்ஸில் முன்பு 12 இருந்தது, 2023-ல் 14 ஆக்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் 16, அதோடு இணையத்தில் ஒரு தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும், 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் ஏறவே கூடாது. பிரிட்டனில் தனியார் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே சட்டவிரோதம், அரசின் சோதனைத் திட்டத்தில் இருக்கிற வாடகை வண்டி மட்டும்தான் ஓட்டலாம், அதற்கும் லைசென்ஸ் கேட்பார்கள். இத்தாலியில் 2024 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பாரிஸில் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்ல, செப்டம்பரிலிருந்து தெருவோர வாடகை ஸ்கூட்டர்களையே எடுத்துவிட்டார்கள் (சொந்த வண்டிக்குத் தடையில்லை, அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்).

இப்படி நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஊருக்கு ஊர், விதி மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வாரம் விடுமுறையில் வருகிற குடும்பம் இதையெல்லாம் எங்கே போய்த் தேடும்? விதிகள் அந்த ஊர் மொழியில், சட்ட நடையில், அரசாங்கத் தளத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கின்றன. முன்பதிவுப் பக்கத்தில் "இந்த நகரத்தில் குறைந்தபட்ச வயது இவ்வளவு" என்று ஒரு வரி போடுவதைக் கட்டாயமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் மாட்டிக்கொண்டால் அபராதம் உங்களுக்குத்தான், பக்கத்தை எழுதியவருக்கு இல்லை.

இனி, நடுவில் நின்று விற்கும் இடைத்தரகர்கள். இதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் பார்த்த தளம் சுற்றுலாவை நடத்தவில்லை, விற்கிறது. நடத்துவது அந்த ஊரில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனம். சில சமயம் நடுவில் இன்னும் ஒருவர் இருப்பார், தளம் அவரிடம் விற்கும், அவர் அன்றைக்கு யாரிடம் ஆள் குறைவாக இருக்கிறதோ அவரிடம் உங்களைத் தள்ளிவிடுவார். "எல்லா வயதினருக்கும் ஏற்றது" என்ற வரியை எழுதியது யார் என்று தேடினால் யாருமே பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு குடும்பம், உங்களைப் போலவே பையனோடு வந்தவர்கள், கையில் நான்கு பேருக்கான வவுச்சரோடு என் முன்னால் நின்றார்கள். பையனுக்கு வயது போதவில்லை, ஏற்ற முடியாது என்றேன். விற்ற இடத்தில் கேட்டால் "நடத்துகிறவர் மறுத்தால் அவரிடம் கேளுங்கள்" என்றார்கள், எங்கள் அலுவலகமோ "விற்றவரிடம் கேளுங்கள்" என்றது. அந்தப் பையன் எங்கள் கடை வாசலில் ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான், அம்மாவும் அக்காவும் மட்டும் வந்தார்கள். பணம் திரும்பக் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த முகம் மட்டும் மறக்கவில்லை.

ஆகவே நடத்துகிற நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இல்லை, பணம் கட்டிய பிறகுதான் சொல்வோம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பெயர் கிடைத்தால் அவர்களுக்கே நேராக எழுதுங்கள். அப்புறம், ஆற்றங்கரையில் படித்துறைப் பக்கம் கையில் அட்டையை வைத்துக்கொண்டு "இப்போதே கிளம்பலாம், பாதி விலை" என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் வண்டிக்கு இன்சூரன்ஸ் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஜெர்மனி போன்ற இடங்களில் அது வண்டியின் பின்பக்கமே ஒட்டியிருக்க வேண்டும், காட்ட முடியாவிட்டால் ஏறாதீர்கள்.

இன்சூரன்ஸ் என்றதும் நீங்கள் ஆறுதலடைந்திருப்பீர்கள். "இன்சூரன்ஸ் உண்டு" என்றால் என்ன தெரியுமா? பெரும்பாலும், நீங்கள் யார் மேலாவது மோதினால் அவர்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கு வண்டியின் இன்சூரன்ஸ். நீங்கள் விழுந்து கை உடைந்தால் அதற்கு அது இல்லை. உங்கள் சிகிச்சைக்கு உங்கள் பயண இன்சூரன்ஸ்தான். அங்கேதான் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பயண பாலிசிகள் பலவற்றில் "மோட்டார் வாகனம் ஓட்டும்போது ஏற்படுபவை" என்று ஒரு விலக்குப் பகுதி இருக்கும். அதைப் படித்து, நாம்தான் காரோ பைக்கோ ஓட்டப் போவதில்லையே என்று கடந்துவிடுவோம். ஆனால் அந்த நாட்டுச் சட்டம் இந்த ஸ்கூட்டரை மோட்டார் வாகனம் என்று வகைப்படுத்தியிருந்தால், பிரிட்டனில் அப்படித்தான், நீங்களும் மோட்டார் வாகனம் ஓட்டியவராகிவிடுவீர்கள். சில பாலிசிகள் அப்போது சிகிச்சைச் செலவைக் கொடுக்கும், ஆனால் நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்திய சேதத்துக்குக் கொடுக்காது. சில இரண்டையும் மறுக்கும். சில, முறையான லைசென்ஸும் ஹெல்மெட்டும் இருந்தால் மட்டும் கொடுக்கும். இந்த விலக்கிலிருந்து தப்பினாலும் இன்னொன்று இருக்கிறது: உள்ளூர்ச் சட்டத்தை மீறி ஓட்டியிருந்தால் பணம் கிடையாது. வயது குறைந்த பையனை ஏற்றியது, ஒரே வண்டியில் இரண்டு பேர் நின்றது, மது அருந்திவிட்டு ஓட்டியது எல்லாம் இதில் வரும். ஜெர்மனியில் மது வரம்பு கார் ஓட்டுகிறவருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இதற்கும். மதிய உணவோடு ஒரு கிளாஸ், பிறகு ஸ்கூட்டர் என்று சுற்றுலாவை அடுக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை வாங்காதீர்கள். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நின்று ஓட்டும் வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டரில், இந்த நாட்டில், விழுந்தால் சிகிச்சைச் செலவு உண்டா, மற்றவருக்கு நேரும் சேதம் உண்டா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும்" என்று சொன்னது பிறகு உதவாது.

வண்டியே ஓட்டியதில்லை என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு உங்களைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் கவலை. புதிதாக ஏறுகிறவர் சொன்னதைக் கேட்டு மெதுவாகப் போவார். பைக் பழகியவரின் உடம்பு வேறு மாதிரிப் பழகியிருக்கும். இதில் ஆக்ஸிலேட்டர் பெரும்பாலும் கட்டைவிரலால் அழுத்துவது, முறுக்குவது இல்லை. அவசரத்தில் பைக்கில் போல ஒரு காலை இறக்கி ஊன்றினால் கணுக்கால் போய்விடும். சக்கரம் பெரும்பாலும் வெறும் எட்டரை முதல் பத்து அங்குலம்தான், பைக் சட்டை செய்யாத பள்ளத்தில் இது மாட்டி நின்றுவிடும், நாம் முன்னால் போய் விழுவோம். உடல் எடை உயரத்தில் இருப்பதால் முன் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தக் கூடாது, முழங்காலை மடக்கி எடையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அழுத்த வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் குறைவாகத் தோன்றும், ஆனால் நொடிக்கு ஐந்தரை மீட்டர், ஆள் குறுக்கே வந்ததைப் பார்த்து மூளை பிரேக்கைச் சொல்வதற்குள் ஒரு காரின் நீளத்துக்கு மேல் போயிருப்போம்.

ஆற்றங்கரைக்கென்று சில தொல்லைகள் உண்டு. கல் பாவிய பாதை, மழை விட்டதும் வழுக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கிய பின் கீழ்ப்பாதையில் படிந்திருக்கும் மெல்லிய சேறு அதைவிட மோசம். படகு கட்டும் இரும்பு வளையங்கள் தரையோடு தரையாக இருக்கும், பல கரைகளில் தடுப்புக் கம்பியே இருக்காது. தண்ணீர்ப் பக்கமாகப் போகாமல் உள்பக்கமாகவே வாருங்கள், படம் எடுக்க ஆசை வந்தால் இறங்கி எடுங்கள். பாதை நடுவில் டிராம் தண்டவாளம் வந்தால் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும்.

நல்ல வழிகாட்டி கிளம்பும் முன் மூடிய இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடமாவது பழக விடுவார், ஒவ்வொருவராக பிரேக் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார், யாருக்கு வரவில்லையோ அவரைத் தன் பின்னாலேயே வைத்துக்கொள்வார். ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான் என் குடும்பத்தை அனுப்ப மாட்டேன், கடைசியில் வருகிறவருக்கு என்ன ஆனது என்று முன்னால் போகிறவருக்குத் தெரியாது. பழக்கும் நேரத்தில் உங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை என்றால் கூச்சப்படாமல் அங்கேயே இறங்கிவிடுங்கள். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலுக்கு உங்கள் டெபாசிட்டைப் பிடிக்காமல் இருக்க.

சரி, நடத்துகிற நிறுவனத்துக்கு இதை அப்படியே அனுப்புங்கள்: "எந்த வகை வண்டி, நின்று ஓட்டுவதா உட்கார்ந்து ஓட்டுவதா? உங்கள் நகரத்தில் அதற்கு லைசென்ஸ் வேண்டுமா, குறைந்தபட்ச வயது என்ன? எங்கள் மகனுக்கு 13 வயது, அவன் ஓட்டலாமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மழை வந்தாலோ ஆற்றுப் பாதை மூடப்பட்டாலோ பணம் திரும்ப வருமா?" நேரான பதில் வந்தால் கட்டுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஓட்ட முடியாது என்று வந்தால், "யாரும் பார்க்க மாட்டார்கள், வரட்டும்" என்று அவர்களே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே பாதையில் வழிகாட்டியோடு சைக்கிள் சுற்றுலா இருக்கிறதா என்று கேளுங்கள், பல நகரங்களில் இருக்கும். அப்போது மூன்று பேருமே சைக்கிளில் போகலாம், நீங்கள் சைக்கிளும் ஓட்டியதில்லை என்றால் உங்களுக்கு இரட்டைச் சைக்கிளில் பின்சீட் கிடைக்குமா என்று அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.