குலைக் கணக்கு மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இனிப்பு நீர் வியாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்கள். என்னையும் சமூகப் பிரதிநிதி என்று குழுவில் சேர்த்தார்கள். 4 கூட்டம், நாலிலும் மீகூன், மைலோ, குரூப் போட்டோ. காலையில் எல்லாரும் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடம்) போய்விடுவோம், சாயங்காலம் வீடு வீடாகப் போங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னோம். அவர்கள் போனது காலை 10 மணிக்கு. இப்போது ‘உங்களை எவ்வளவு நன்றாக ஈடுபடுத்தினோம்’ என்று மார்க் போடச் சொல்லி பாரம் வந்திருக்கிறது. இதை எல்லாம் அளக்க முடியுமா? பாவம், சின்னப் பிள்ளைகள், முழு மார்க் போட்டு விடவா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பாவம் பார்த்து மார்க் போடாதீர்கள் அக்கா. (இனிப்பு நீர் கூட்டத்தில் சீனி போட்ட மைலோவா? சரி, அது வேறு கதை.)

அளக்க முடியும். அமெரிக்காவில் மெலடி குட்மன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் இதற்கென்றே ‘ரெஸ்ட்’ என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். மக்களை எப்படி ஈடுபடுத்த வேண்டும் என்ற 8 கோட்பாடுகள், 32 கேள்விகள், பதில் சொல்வது ஆராய்ச்சியாளர் இல்லை, உங்களைப் போல் கூட இருந்தவர்கள். ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு விதமாகக் கேட்பார்கள்: எத்தனை தரம் செய்தார்கள், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? குலையை எண்ணுவது ஒன்று, பழுத்ததா காயா என்று பார்ப்பது இன்னொன்று, காயை வெட்டிப் போட்டுவிட்டு எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்றால் மண்டோர் விடுவாரா? உங்கள் 4 கூட்டமும் வெறும் குலைக் கணக்கு.

ஊர்த் திட்டங்களில் மக்களுக்கு என்ன இடம் கிடைக்கிறது என்பதை ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969லேயே 8 படி வைத்த ஏணியாகக் காட்டினார். கருத்துக் கேட்பது 4ஆவது படி. குழுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு முடிவை மட்டும் தாங்களே எடுத்துக்கொள்வது 5ஆவது, நீங்கள் நிற்பது அங்கேதான். கூட்டாளி என்ற பேச்சே 6ஆவதில்தான் வரும்.

அப்புறம், அந்தப் பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்து நிரப்பச் சொன்னால் நிரப்பாதீர்கள், முகத்தைப் பார்த்தால் யாருக்கும் குறைத்துப் போட மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுபோய், பெயர் எழுதாமல் கொடுக்கலாமா என்று கேளுங்கள். உங்கள் பாரத்திலும் இப்படி இரண்டு விதமாகக் கேட்டிருந்தால், ‘எத்தனை தரம்’ என்ற இடத்தில் தாராளமாகவே போடுங்கள், வந்தது உண்மைதானே. ‘எவ்வளவு நன்றாக’ என்ற இடத்தில் அந்தக் காலை 10 மணியை நினைத்துக்கொண்டு போடுங்கள், கீழே காலி இடம் இருந்தால் அதையே எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கு வந்துவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்கள் யாராவது உண்டா? அவர்களுக்கும் ஒரு பாரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்பதும் கணக்கில் வரட்டும்.