எரிமலை ஊருக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

லாஸ்பேட்டையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி. ரியூனியன் தீவில் சேன்-பியேரில் இருக்கிறார். ஜூலையில் நானும் அம்மாவும் போகிறோம். எரிமலைக்குப் பக்கத்தில் பூர்-முரா என்ற சின்ன ஊரில் இரண்டு இரவு தங்கலாம் என்கிறார். அம்மாவுக்கு 66 வயது, முட்டி வலி உண்டு. பயமில்லாமல் போகலாமா?"

தாராளமாகப் போகலாம். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் அடிக்கடி பொங்கும் எரிமலைதான். ஆனால் எரிமலைக் குழம்பு பெரும்பாலும் மலையைச் சுற்றியுள்ள பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடி அடங்கிவிடும், எப்போதாவதுதான் கிழக்கே கடல்வரை போகும். பூர்-முரா அதற்கு மேற்கே, பள்ளத்துக்கு வெளியே இருக்கிறது. மலையை இரவு பகலாகக் கண்காணிக்கும் ஆய்வு மையமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டியது குளிருக்குத்தான். அங்கே ஜூலை குளிர்காலம். பூர்-முரா சுமார் 1,600 மீட்டர், நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம். பள்ளத்தின் விளிம்பான பா தெ பெல்கோம்ப் 2,300 மீட்டரைத் தாண்டும், ஊட்டி மாதிரி. எரிமலை உச்சி 2,632 மீட்டர், ஏறக்குறைய தொட்டபெட்டா. விடியலில் விளிம்பில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கலாம். புதுச்சேரி மார்கழிக்கு எடுக்கும் ஸ்வெட்டர் போதாது. காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கம்பளி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அங்கே தங்கச் சொல்வது சரியான யோசனை. காலை ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் ஏறி மலையை மூடிவிடும். கடற்கரையில் இருந்து கிளம்பினால் இன்னும் சீக்கிரம் எழ வேண்டியிருக்கும். பூர்-முராவில் இருந்து பள்ளத்தின் விளிம்புக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஐந்தரைக்குக் கிளம்புங்கள், சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். வழியில் செம்பழுப்புச் சரளை பரந்த ஒரு வெட்டவெளி வரும், புல்கூட அரிது. அங்கே வண்டியை நிறுத்தி அம்மா கையில் ஒரு கல்லைக் கொடுங்கள். செங்கல் சூளையில் கருகிப்போன கட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாமல் இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

விளிம்பில் இருந்து பள்ளத்துக்குள் இறங்க ஐந்நூறுக்கும் மேல் படிகள். அம்மா இறங்க வேண்டாம். இறங்கிவிடலாம், ஏறும்போதுதான் முட்டி அழும். விளிம்பில் நின்றாலே எரிமலை முழுசாகத் தெரியும். நீங்களும் அண்ணனும் உச்சிக்கு நடக்க நினைத்தால் போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். அப்போது அம்மாவுடன் வேறு யாராவது இருக்கட்டும். மலை பொங்க ஆரம்பித்தால் பள்ளத்துக்கு இறங்கும் வழியின் கதவை உடனே மூடிவிடுவார்கள். அந்தக் கதவைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு நான் முக்கியமாகச் சொல்வது அந்தத் தீவின் கிழக்குக் கரைச் சாலையை. கிராண் ப்ரூலே என்ற இடத்தில் 2007 ஏப்ரலில் குழம்பு சாலையை மூடிக்கொண்டு கடல்வரை ஓடியது. உறைந்த பாறைமேலேயே இப்போது புதுச் சாலை. காரைவிட்டு நாலு அடி வைத்தால் போதும். கூழ் ஆறும்போது மேலே ஏடு சுருங்குமே, சில இடங்களில் அதே சுருக்கம் கல்லில் இருக்கும். இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கும். விளிம்பு கண்ணாடிபோல் அறுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் இருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தீவு அது. தமிழ் பேசுபவர்கள் குறைவு, கோயில்கள் நிறைய. சோறு, பருப்பு, கீரை எங்கும் கிடைக்கும். நம் சௌசௌவை அங்கே 'சூசூ' என்பார்கள்.

அப்புறம் விசா. உங்களுக்கும் அம்மாவுக்கும் இந்திய பாஸ்போர்ட் என்றால் கவனியுங்கள்: ரியூனியன் பிரான்சைச் சேர்ந்ததுதான், ஆனால் ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் ரியூனியன் என்று குறிப்பிடுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.