கதை பேசிக்கொண்டே நடந்தால் போதுமா?

கேள்வி: வயது 62. தினமும் காலையில் தாவரவியல் பூங்காவில் நண்பர்களோடு ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆறு மாதமாகியும் தெரிந்தவர் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. நடந்தால் மூளைக்கு நல்லது என்பதெல்லாம் சும்மாவா?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: சும்மா இல்லை. ஆனால் நீங்கள் தேடும் பலன் வேறு, நடை தரும் பலன் வேறு. 20 முதல் 67 வயதுவரை 132 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. வாரம் நான்கு நாள், ஆறு மாதம் மூச்சு வாங்கவைக்கும் ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்குத் திட்டமிட்டுச் செயல்படும் திறன் கூடியது. வயது ஏற ஏறப் பலனும் அதிகம். நினைவாற்றலில் அந்த ஏற்றம் இல்லை.

2011இல் வந்த, எரிக்சன் என்ற ஆய்வாளர் குழுவின் ஆய்வில், 55 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓராண்டு நடந்தார்கள். நினைவைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2% பெருத்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 1.4% சுருங்கியது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுவரைதான். நினைவுத் தேர்வில் இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றாகவே முன்னேறின என்பது அதில் வராது.

உங்கள் நடையில் எனக்குச் சந்தேகம் வேகத்தின் மீதுதான். ஊர்க்கதை முழுவதையும் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதென்றால் அது உலாவல். ஓரிரு வாக்கியம் பேச வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அதுதான் அளவு. அந்த வேகத்தில் முதல் வாரம் 10 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஏழாம் வாரம் 40 நிமிடம். எரிக்சன் குழு ஏற்றியதும் இப்படித்தான். எடுத்த எடுப்பில் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு வேண்டாம், முட்டி கெஞ்சும்.

அட்டெனோலோல், பிஸோப்ரோலோல் போன்ற இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். மருந்து அதை அடக்கி வைத்திருக்கும். மூச்சைக் கவனியுங்கள். சர்க்கரை நோய்க்குக் கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர் பசியாறாமல் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும். சட்டைப்பையில் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் அங்கேயே நின்றுவிடுங்கள், விடவில்லையென்றால் 999ஐ அழையுங்கள்.

பெயர் மறப்பது வயதோடு வருவதுதான். பழகிய வழியே குழம்பினாலோ, சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவராக இருந்தாலோ, மருத்துவரிடம் சொல்லி வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்கு இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு. பூப்பந்தை நிறுத்தச் சொல்லலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம்மா. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் 2009இல் செய்த சோதனையில், 20 நிமிடம் நடந்த பிறகு கவனமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் உட்கார்ந்திருந்த பிறகு இருந்ததைவிட மேலாக இருந்தன. 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷனுக்கு முன்பே ஆடி முடிக்கட்டும். இரவு பத்து மணி ஆட்டம் தூக்கத்தைத் தின்றுவிடும். புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடான ஐ.பி.யு. 100ஐத் தாண்டும் நாள்களில் மட்டும் மட்டையை மாட்டி வைக்கச் சொல்லுங்கள்.