ஜெய்சல்மேரில் எங்கே ரூம் எடுப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இங்கே ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில்தான் ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மேரில் வெயில் இதமாக மாறும். அதனால் வருடாவருடம் இந்தச் சமயத்தில் எனக்குக் கேள்விகள் குவிகின்றன. பதினெட்டு வருடமாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன். குடும்பத்தோடும் போயிருக்கிறேன், தனியாகவும் போயிருக்கிறேன். இந்த முறை வந்தவற்றில் தங்குமிடம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டைக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றனவாமே! 1156-இல் எழுப்பிய கோட்டைக்குள் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எடுக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஆசை எனக்குப் புரிகிறது. முதல் முறை போனபோது நானும் உள்ளேதான் தங்கினேன். இப்போது யார் கேட்டாலும், கோட்டைக்கு வெளியே, அடிவாரத்தில் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். காரணம் தண்ணீர்.

ராவல் ஜெய்சல் அந்தக் கோட்டையைத் திரிகூட மலைமேல் எழுப்பினார். மலை என்று பெயர்தானே தவிர, அது ஒரு குன்று. மணற்கல்லுக்கு இடையிடையே களிமண் படிந்த குன்று. சென்னையில் ஒரு பேய்மழை நாளில் கொட்டுவதுதான் அங்கே ஒரு வருடத்து மழை. குடிக்கவும் குளிக்கவும் வேண்டிய தண்ணீரைப் பெண்கள் கீழே கடீசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து ஏறினார்கள். சுமந்து வந்த தண்ணீரை யார் வீணடிப்பார்கள்? எப்போதாவது பெய்யும் மழையை வெளியே தள்ளினால் போதும் என்றுதான் வடிகால்களும் அமைந்தன.

அப்புறம் குழாய் வந்தது. சுற்றுலா வளர்ந்து, வீடுகள் விடுதிகளாயின. ஒவ்வொரு அறைக்கும் ஷவர், ஃபிளஷ். அத்தனை தண்ணீரும் பழைய சாக்கடைகளில் கசிந்து குன்றுக்குள் இறங்கியது. களிமண் ஈரமானால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? சுவர்கள் பிளந்தன, கொத்தளங்கள் சரிந்தன. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இந்தக் கோட்டையை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பிடித்தது. வடிகால் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் அந்தக் குன்று தாங்க வேண்டிய ஈரத்தில் என் பங்கைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

உள்ளே இன்றும் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்கு நீங்கள் உதவ வழி இருக்கிறது. பகலில் போங்கள், சமணக் கோயில்களை நிதானமாகப் பாருங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், கடைகளில் வாங்குங்கள். ராத்திரி இறங்கி வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோட்டைக்குள் ஜன்னலைத் திறந்தால் ஊர்தான் தெரியும், கோட்டை தெரியாது. அந்த மஞ்சள் கல் மாலை வெயிலில் தேன் நிறமாக மாறுவதைக் கீழே ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். கோட்டையின் முதல் வாசலுக்கு முன்னால் இருக்கும் கோபா சவுக் அருகே எடுத்தால் எல்லாமே நடை தூரம். 1946-இல் சிறையில் தீக்காயங்களோடு உயிரிழந்த விடுதலை வீரர் சாகர்மல் கோபாவின் பெயர் அந்தச் சதுக்கத்துக்கு. வடக்கே பட்வா ஹவேலிகள் என்னும் பழைய மாளிகைகள் இருக்கும் சந்துகளும் நல்ல தேர்வு. விடியலில் எழும் பழக்கம் உள்ளவரா? கடீசர் ஏரிப் பக்கம் எடுங்கள். சூரியன் வரும்போது கரையில் நிற்கலாம்.

அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பழைய ஹவேலியில் தங்க ஆசைப்படுகிறோம். சரிப்படுமா? (திருச்சி வாசகி)

ஹவேலி என்பது அந்தக் கால வணிகர்களின் மாளிகை. படிகள் ஒடுக்கம், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், பல இடங்களில் வெளிச்சமும் குறைவு. சுவரிலிருந்து வெளியே நீட்டிய அழகான ஜரோக்கா ஜன்னல் உள்ள அறைகள் மேல்மாடியில்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் கேட்டு வாங்கினால், வெயில் படாத கல் அறை மார்கழியில் ஜில்லென்று எலும்பைப் பிடிக்கும். மூட்டு வலிக்கு அது ஆகவே ஆகாது.

அம்மாவுக்காகப் பழைய ஊருக்கு வெளியே, சம் மணல்மேட்டுக்குப் போகும் சாலைப் பக்கம் புதிதாகக் கட்டிய ஹோட்டலாகப் பாருங்கள். அவற்றையும் அதே மஞ்சள் கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள், பலவற்றில் கல் வேலைப்பாடும் உண்டு. லிஃப்ட் இருக்கிறதா, கார் வாசல்வரை வருமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, கீசர் காலையில் எத்தனை மணி முதல் வேலை செய்யும் என்று போனில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். கோட்டைக்கு வாசல்வரை வண்டி, பிறகு கல் பாவிய ஏற்றம். அம்மா பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பட்வா ஹவேலியைச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே பாதி பார்த்த மாதிரிதான். கடீசர் கரை சமதளம். அங்கே அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

சம் மணல்மேட்டில் இரண்டு ராத்திரிக்கு டென்ட் பேக்கேஜ் சொல்கிறார்கள். குரி நன்றாக இருக்கும் என்கிறார் நண்பர். எதை எடுப்பது? (சென்னை வாசகர்)

எங்கே எடுத்தாலும் ஒரு ராத்திரி போதும். சம் கேம்ப்புகளில் நடப்பது இதுதான்: பிற்பகலில் போய்ச் சேர்ந்தால் டீ, மாலை ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரியாஸ்தமனம், இருட்டியதும் பாட்டும் நடனமும், பஃபே சாப்பாடு, மறுநாள் காலை டிபனோடு கிளம்பிவிட வேண்டியதுதான். இரண்டாம் நாள் பகலில் அங்கே செய்ய ஒன்றுமில்லை. நடுப்பகலில் டென்ட் சுடும். ராத்திரி அதே நிகழ்ச்சியை மறுபடியும் பார்ப்பீர்கள். மிச்ச நாட்களை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே. மணல்மேடு பெரியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் கேம்ப்புகள் சாலையோரம் வரிசையாக நெருக்கியடித்து நிற்கின்றன. விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி. ஒருமுறை நான் தங்கிய கேம்ப்பில் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு முதியவர் கமாய்ச்சா வாசித்துக்கொண்டிருந்தார். ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான தந்தி வாத்தியம் அது. வில்லை இழுக்கும் கை தெரிந்தது, நாதம் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைப் போன்ற மாங்கணியார்கள் பரம்பரை இசைக்காரர்கள். இஸ்லாமியர்கள், ஆனால் தங்களை ஆதரித்த ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுவார்கள், கிருஷ்ணனையும் பாடுவார்கள். விரலிடுக்கில் கர்தால் என்னும் மரக்கட்டைகளை வைத்துச் சிறுவர்கள் தட்டும் வேகத்துக்கு மைக்கே தேவையில்லை. ஆகவே புக் செய்யும்போது, “பாட்டு மைக் இல்லாமலா? டிஜே உண்டா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே கேம்ப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

குரி தென்மேற்கே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மணல்மேடு சிறியது, கூட்டம் குறைவு. சாணமும் மண்ணும் பூசி, கூரை வேய்ந்த வட்டக் குடிசைகளில் தங்கலாம். பகலில் குளுமை, இரவில் கதகதப்பு. வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். அமைதி வேண்டும் என்றால் குரிதான் என் தேர்வு. சின்னக் குழந்தைகளோடு, இணைந்த குளியலறை, பெரிய மணல்மேடு என்று வேண்டுமானால் சம்.

தேதி வைக்கும்போது தினசரிக் காலண்டரைப் பாருங்கள். நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாட்கள். மணலில் நிலாவெளிச்சம் வேண்டும் என்றால் பௌர்ணமி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நகரத்திலேயே 7, 8 டிகிரி வரும். திறந்த மணலில் அதற்கும் கீழே. ஸ்வெட்டர், குல்லா, காலுறை கட்டாயம். ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) எத்தனை தருவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணலில் ஜீப்பை ஏற்றி இறக்கும் விளையாட்டைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்தப் பகுதியை ஒட்டித்தான் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. நம் ஊர்ப் புல்வெளிகளிலும் ஒரு காலத்தில் திரிந்த கானமயில் என்ற பெரிய பறவைக்கு மிஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் முக்கியமானது அது.

ஸ்டேஷனில் இறங்கியதும் 400 ரூபாய்க்கு ரூம் என்று அழைக்கிறார்களாமே, நம்பலாமா? (மாணவர், மதுரை)

ரூம் இருக்கும். ஆனால் அந்த விலையின் மறுபாதி ஒட்டகச் சவாரியில் இருக்கும். அவர்கள் சொல்லும் சவாரியை எடுக்காவிட்டால், மறுநாளே ரூம் காலியில்லை என்று பையை வெளியே வைத்த சம்பவம் எனக்கே நடந்திருக்கிறது. நீங்கள் புக் செய்த விடுதி மூடிவிட்டது, பெயர் மாறிவிட்டது என்று ஆட்டோவில் கதை சொல்வதும் உண்டு. நம்பாதீர்கள், விடுதிக்கே போன் செய்யுங்கள். கையில் பணம் குறைவென்றால், டார்மிட்டரி உள்ள விடுதிகள் கோட்டை அடிவாரத்திலேயே இருக்கின்றன. சவாரி கட்டாயமா, வரி சேர்த்த வாடகையா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். சவாரியை ஊருக்கு வந்த பிறகு, இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துப் பேசிக்கொள்ளலாம்.

தோழிகள் இருவர் மட்டும் போகிறோம். எந்தப் பகுதி பாதுகாப்பு? (பெங்களூருத் தமிழ் வாசகி)

கோபா சவுக், காந்தி சவுக், ஹனுமான் சவுக் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதி. கடைத்தெரு இரவு ஓரளவு நேரம்வரை விழித்திருக்கும், ஆட்டோவும் கிடைக்கும். குடும்பம் மேலேயோ கீழேயோ குடியிருந்து நடத்தும் விடுதியாகப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவோடு பழகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சமீபத்தில் தனியாகப் போய்வந்த பெண்கள் எழுதிய அனுபவங்களை நிச்சயம் படியுங்கள். பாலைவனத்தில் இரவு தங்கும்போது நீங்கள் இருவர் மட்டும் ஒட்டகக்காரரோடு போக வேண்டாம். மற்றக் குடும்பங்களும் இருக்கும் கேம்ப்பாக எடுங்கள்.

குழந்தைகளுக்கு மே மாதம்தான் லீவு. நீச்சல்குளம் உள்ள ஹோட்டல் எடுத்தால் சமாளிக்கலாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். மே மாதத்தில் சராசரி வெயிலே 40 டிகிரிக்கு மேல், அனல்காற்று வேறு. பகல் முழுக்க ஏசி அறையில் அடைந்து கிடப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அரையாண்டுத் தேர்வு லீவில் போங்கள். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும், தீபாவளியை ஒட்டியும் அப்படியே. முடிந்தால் பொங்கல் லீவுக்கு மாற்றுங்கள். மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் பிப்ரவரியில், மூன்று நாள் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்தத் தேதிகளில் போவதானால் ரூமைச் சில மாதங்கள் முன்பே எடுத்துவிடுங்கள்.

ரயிலில் வருகிறோம். ஜோத்பூரில் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகவா, நேரே போகவா? (மன்னார்குடி வாசகர்)

உங்கள் ஊரிலிருந்தே ஜோத்பூர் பக்கத்திலுள்ள பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ராத்திரிக்கு மேல் ரயிலில் கிடந்த உடம்பு. ஒரு நாள் ஜோத்பூரில் படுத்து எழுந்துவிட்டு, பகல் ரயிலில் ஜெய்சல்மேர் போங்கள். ஐந்தாறு மணி நேரம். மரங்கள் குறைந்து குறைந்து மண் வெளுப்பதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே போவது நல்ல அனுபவம். இரவு ரயிலில் போனால் விடிகாலையில் இறங்குவீர்கள். பெரும்பாலான விடுதிகள் ரூமை நண்பகலில்தான் தரும். குளிரில் வராந்தாவில் காத்திருக்க நேரும். அப்படிப் போவதானால் முன்கூட்டியே பேசி, முந்தின இரவுக்கு அரை வாடகையாவது கொடுத்து ரூமைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

அப்பா தயிர்சாதம் இல்லாமல் இருக்க மாட்டார். சமையல் வசதியோடு ரூம் கிடைக்குமா? (தஞ்சாவூர் வாசகி)

தேட வேண்டிய அவசியமில்லை. குடும்பம் நடத்தும் சின்ன விடுதியாக எடுங்கள். சமையலறை மொட்டைமாடியில் இருக்கும், அங்கேதான் சாப்பாடும். காலையிலேயே, “மதியத்துக்குக் குழைந்த சாதம், உறையூற்றின தயிர்” என்று சொல்லிவிட்டால் செய்து தருவார்கள். சைவச் சாப்பாடு அந்த ஊரில் எங்கும் கிடைக்கும். ஒரு ஊறுகாய் பாட்டில் மட்டும் எடுத்துப் போங்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கேர் சாங்ரி கேளுங்கள். முள்புதரில் காய்க்கும் கேர் காயையும், வன்னி மரத்தின் நெற்றையும் காயவைத்துச் சேர்த்துச் செய்யும் பொரியல் அது. பஞ்சக் காலத்தில் அந்த ஜனங்களுக்குச் சோறு போட்ட மரம் வன்னி. பொரியல் புளிப்பும் காரமுமாக இருக்கும், அப்பாவுக்குப் பிடித்துவிடும்.